மிகைநேர ஊதியம் கேட்டு மனு கொடுப்பது எப்படி? செட்டிநாட்டுத் தொழிலாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பலகாரக் கூடத்தின் பேக்கிங் பிரிவில் நான் எட்டாவது ஆண்டாக வேலை செய்கிறேன். 2024 தீபாவளிப் பருவத்தில் நானும் என்னோடு வேலை செய்யும் ஏழு பேரும் காலை எட்டரை மணிக்கு உள்ளே போனால் இரவு ஒன்பதரைக்குத்தான் வெளியே வந்தோம். சீப்புச் சீடையும் தேன்குழலும் மாவுருண்டையும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேரத்தோடு போய்ச் சேர்ந்தன. நாங்கள் கூடுதலாக நின்ற நேரத்துக்குரிய பணம் மட்டும் வரவில்லை. 2025 ஜனவரியில் மனு கொடுத்து, மே மாதத்தில் ஒப்பந்தம் எழுதி, ஜூன், ஜூலை என இரண்டு தவணைகளில் அந்தப் பணத்தைப் பெற்றோம். அந்த அலைச்சலில் பாதி எங்கள் அறியாமையால் வந்தது. எந்தத் தாளை எப்போது எடுத்து வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் இரண்டு ஆண்டுகளின் பணத்தை நாங்கள் இழந்திருக்க மாட்டோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

துணிக்கடையில் நிற்பவர்கள், புதுவயல் அரிசி ஆலைகளில் மூட்டை தூக்குபவர்கள், ஆத்தங்குடியில் டைல்ஸ் வார்ப்பவர்கள், கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகளை விடுதியாக நடத்தும் இடங்களில் சமைப்பவர்கள், துணி மடிப்பவர்கள் ஆகிய எல்லோருக்கும் இந்த வழிமுறையின் பெரும்பகுதி பொருந்தும். ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வந்தவர்களுக்கும், பீகார், ஒடிசா, அசாம் மாநிலங்களிலிருந்து வந்தவர்களுக்கும் இதே சட்டம்தான்.

1. சட்டம் சொல்வதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதே பொதுவான அளவு. அதற்கு மேல் வாங்கும் வேலைதான் மிகைநேரம் (ஓ.டி.). அந்த நேரத்துக்கு வழக்கமான ஊதியத்தைப் போல இரண்டு மடங்கு தர வேண்டும். பழைய தொழிற்சாலைச் சட்டம் 1948 இரட்டிப்பு ஊதியத்தையே சொன்னது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947 சொல்வதும் அதையேதான். பழைய மத்தியச் சட்டங்களுக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஊதியத் தொகுப்பிலும் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இரட்டிப்பு ஊதியம் அப்படியே இருக்கிறது. அதோடு, மிகைநேர வேலைக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்பதும் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில் எழுதப்பட்டிருக்கிறது.

எங்கள் மேலாளர் எங்களிடம் சொன்னது வேறு. "பன்னிரண்டு மணி நேரம்னு கவர்மெண்டே சட்டம் போட்டாச்சும்மா, இனி ஓ.டி.ன்னு ஒண்ணு கிடையாது" என்றார். நாங்களும் நம்பினோம். நடந்தது இதுதான்: 2023 ஏப்ரல் 21 அன்று பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் தரும் திருத்த மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது, தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒருசேர எதிர்த்ததால் மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது, மே முதல் நாளன்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். ஆகவே, யாராவது உங்களிடம் "சட்டம் மாறிவிட்டது" என்றால், எந்தச் சட்டம், எந்தத் தேதி என்று கேளுங்கள்.

கடை ஊழியர்களுக்கு இன்னும் சில உரிமைகள் உண்டு. தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடையில் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். மிகைநேரத்தையும் சேர்த்தே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம் என்று 1947ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு வைத்தது. உட்கார இருக்கை தர வேண்டும் என்பது 2021இல் சேர்க்கப்பட்டது. துணிக்கடைகளில் நாள் முழுதும் நின்று கால் நரம்பு சுருண்டு போன பெண்கள் எத்தனை பேர் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். மனு கொடுக்கும்போது இருக்கை இல்லாததையும் சேர்த்தே எழுதுங்கள்.

2. உங்கள் பணியிடம் எந்த வகை, எந்த மாவட்டம் என்று பாருங்கள்

நாங்கள் முதலில் சறுக்கிய இடம் இது. முன்பக்கம் விற்பனைக் கடை இருப்பதால் கடை என்று நினைத்துக்கொண்டு மனு எழுதினோம். பின்பக்கம் மின் இயந்திரங்களோடு முப்பது பேருக்கு மேல் வேலை செய்யும் இடம் தொழிற்சாலைக் கணக்கில் வரும் என்பது பிறகுதான் தெரிந்தது. மனுவைத் திருப்பி வாங்கி, மாற்றி எழுதிக் கொடுப்பதற்குள் ஒரு மாதம் போய்விட்டது.

கடைகள், நிறுவனங்கள், உணவகங்கள் ஆகியவற்றைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. தொழிற்சாலைகளின் வேலை நேரத்தையும் பாதுகாப்பையும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் பார்க்கிறது. மின்சாரத்தோடு இயங்கினால் பத்துப் பேர் என்பது பழைய சட்டத்தில் தொழிற்சாலைக்கான அளவு. புதிய தொகுப்பில் அது இருபது பேராக உயர்ந்திருக்கிறது. மின்சாரம் இல்லாமல் நடக்கும் இடத்துக்கு நாற்பது பேர். உங்கள் இடம் இந்த எண்ணிக்கைக்குக் கீழே இருந்தாலும் ஊதியக் கோரிக்கைக்கான உரிமை போய்விடாது. ஊதியச் சட்டத் தொகுப்புக்கு ஆள் எண்ணிக்கை வரம்பு கிடையாது. உணவகங்களுக்கும் விடுதிகளுக்கும் 1958ஆம் ஆண்டின் தனிச் சட்டம் ஒன்று உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது மாவட்டம். செட்டிநாடு என்று நாம் ஒரே பெயரால் சொன்னாலும் அது இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல், கானாடுகாத்தான், கல்லல் ஆகியவை சிவகங்கை மாவட்டம். கோனாபட்டு, ராயவரம், ராங்கியம், பொன்னமராவதிப் பக்கத்து வலையப்பட்டி ஆகியவை புதுக்கோட்டை மாவட்டம். நீங்கள் குடியிருக்கும் ஊரைப் பார்க்க வேண்டாம். வேலை செய்யும் இடம் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த மாவட்டத்து அலுவலகத்துக்கே மனு போக வேண்டும். கோனாபட்டில் வேலை செய்து காரைக்குடியில் குடியிருப்பவர் சிவகங்கைக்குப் பேருந்து ஏறினால் ஒரு நாள் கூலியும் பயணக் காசும் வீண்.

3. இன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும்தான் செய்வீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள். இருபது ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து, தேதி, உள்ளே போன நேரம், சாப்பாட்டு இடைவேளை, வெளியே வந்த நேரம், அன்று செய்த வேலை ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு நாளும் அன்றைக்கே எழுதுங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் மையும் கையெழுத்தும் ஒரே மாதிரி இருக்கும். பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். எங்களில் மூன்று பேர் நாள்தோறும் எழுதியிருந்தோம். மற்ற ஐவரின் கணக்கும் எங்கள் மூவரின் நோட்டை வைத்துத்தான் நின்றது.

நோட்டு தனியாக நின்றால் "நீங்களே எழுதிக்கொண்டது" என்று தள்ளப் பார்ப்பார்கள். ஆகவே அதைத் தாங்கிப் பிடிக்க வேறு சான்றுகளையும் சேர்த்து வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் "நாளைக்கு ஏழு மணிக்கே வந்துடணும், லோடு போகுது" என்று மேற்பார்வையாளர் போட்ட செய்தி, இரவு ஒன்பது மணிக்குப் பிறகு லாரியில் ஏற்றியபோது கையெழுத்திட்ட சரக்குச் சீட்டின் படம், கடைசிப் பேருந்துப் பயணச்சீட்டு, விரல் ரேகை இயந்திரம் இருந்தால் அதன் திரையில் தெரியும் நேரத்தின் படம் என எல்லாம் உதவும். எங்களுக்குப் பெரிய துணையாக இருந்தது வாட்ஸ்அப் செய்திகள்தான். அவற்றை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து உங்கள் இன்னொரு எண்ணுக்கோ, வீட்டில் ஒருவருக்கோ அன்றைக்கே அனுப்பி வையுங்கள். பிரச்சினை தொடங்கிய மறுநாளே எங்களைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

நிறுவனத்தின் பதிவேட்டை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அது திருட்டுப் புகாருக்கு வழி திறந்துவிடும். பதிவேட்டை வரவழைக்க வேண்டியது விசாரிக்கும் அலுவலரின் வேலை.

இவற்றோடு நீங்கள் அந்த இடத்தில்தான் வேலை செய்கிறீர்கள் என்பதற்கான சான்றுகளும் வேண்டும்: அடையாள அட்டை, ஊதியச் சீட்டு, சம்பளம் ஏறிய வங்கிப் புத்தகப் பக்கம், வருங்கால வைப்பு நிதி எண், ஈ.எஸ்.ஐ. எண். கையில் ரொக்கமாக வாங்குபவர்கள் இனி ஜிபே அல்லது வங்கி வழியாகக் கேளுங்கள். மறுத்தால், ரொக்கம் வாங்கிய தேதியையும் தொகையையும் கொடுத்தவர் பெயரையும் அதே நோட்டில் எழுதுங்கள்.

4. கணக்கைப் போடுங்கள்

மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் ஊதியம். அதை எட்டால் வகுத்தால் ஒரு மணி நேர ஊதியம். அதை இரண்டால் பெருக்கினால் மிகைநேர ஊதியம்.

என் கணக்கையே சொல்கிறேன். மாதச் சம்பளம் 12,480 ரூபாய். 26ஆல் வகுத்தால் 480. எட்டால் வகுத்தால் 60. இரட்டித்தால் 120 ரூபாய். காலை 8.30 முதல் இரவு 9.30 வரை பதின்மூன்று மணி நேரம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்தால் பன்னிரண்டு. எட்டுக்கு மேல் நான்கு. செப்டம்பரிலும் அக்டோபரிலும் ஞாயிறுகளையும், விநாயகர் சதுர்த்தி, காந்தி ஜெயந்தி, ஆயுத பூஜை, தீபாவளி ஆகிய நாட்களையும் கழித்து 48 நாள் வேலை செய்தோம். 48 நாளுக்கு நான்கு மணி வீதம் 192 மணி நேரம். 120 ரூபாய் வீதம் 23,040 ரூபாய்.

இதை முதன்முதலாகத் தாளில் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. நாள்தோறும் நான்கு மணி நேரம் கூடுதல் என்றால், இரட்டிப்புக் கணக்கில் அது எட்டு மணி நேர ஊதியம். அதாவது இன்னொரு முழு நாள் கூலி. ஒரு மாதம் நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்பவருக்கு ஒரு மாதச் சம்பளம் முழுதாகப் பாக்கி நிற்கிறது. அந்தத் தொகை என் மகளின் கல்லூரிக் கட்டணம்.

கணக்குப் போடும்போது நான்கு இடங்களில் கவனமாக இருங்கள்.

போனஸ் வேறு, மிகைநேர ஊதியம் வேறு. தீபாவளிக்குக் கொடுத்த 3,000 ரூபாயை "அதுதான் ஓ.டி. பணம்" என்று எங்கள் நிறுவனம் கழிக்கச் சொன்னது. நாங்கள் ஒப்புக்கொண்டோம். அது தவறு. போனஸ் தனி உரிமை. சட்டப்படியான குறைந்தபட்ச போனஸே 8.33 விழுக்காடு. இனிப்பும் வேட்டி சேலையும் இதில் சேராது.

கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் முறுக்கு சுற்றும் பெண்களுக்கு மிகைநேரம் கிடையாது என்பார்கள். உண்டு. அந்த வேலைக்கு முந்தைய மாதம் நீங்கள் முழு நேரம் உழைத்த நாட்களில் ஈட்டியதன் நாள் சராசரியே உங்கள் ஊதிய வீதமாகக் கொள்ளப்படும் என்று தொழிற்சாலைச் சட்டம் தெளிவாகச் சொல்லியிருந்தது.

சம்பளத்தைப் பல படிகளாகப் பிரித்து, அடிப்படை ஊதியம் என்ற சிறிய தொகைக்கு மட்டும் இரட்டிப்புத் தருவதாகச் சொல்வார்கள். புதிய ஊதியத் தொகுப்பின்படி, விலக்கப்படும் படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், மிஞ்சிய பகுதியும் ஊதியமாகவே கணக்கிடப்படும்.

உங்கள் சம்பளமே உங்கள் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இருக்கிறதா என்றும் பாருங்கள். தமிழ்நாட்டில் இதற்கான அகவிலைப்படி ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1 முதல் மாறும். குறைவாக இருந்தால் அந்த வித்தியாசத்தையும் தனி வரியாகக் கேளுங்கள்.

ஒரு மணி நேரம்கூடக் கூட்டி எழுதாதீர்கள். எங்களில் ஒருவர் ஆயுத பூஜை நாளுக்கும் நான்கு மணி நேரம் எழுதிவிட்டார். அன்று கூடம் மூடியிருந்தது. எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, மொத்தப் பட்டியலும் பொய் என்று ஒரு முழு அமர்வை ஓட்டியது.

5. மனுவுக்கு முன்னால் எழுத்தில் ஒரு முறை கேளுங்கள்

"இன்ன மாதங்களுக்கு இவ்வளவு மணி நேரம் மிகைநேரம் வேலை செய்துள்ளோம், அதற்குரிய இரட்டிப்பு ஊதியத்தைப் பதினைந்து நாட்களுக்குள் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று பணிவாக, ஒரு பக்கத்துக்குள் எழுதினால் போதும். முதலாளி பெயருக்கு விரைவு அஞ்சலில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். பதிவு அஞ்சல் இப்போது தனியாக இல்லை. விரைவு அஞ்சலோடு சேர்த்துவிட்டார்கள். அஞ்சலகத்தில் ஒப்புகை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். எல்லாம் சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடியும்.

கடிதம் போனதும் உங்களைத் தனித்தனியாகக் கூப்பிடுவார்கள். எங்கள் கூடத்தில் கணக்குப்பிள்ளை அறைக்கு ஒவ்வொருவராக அழைத்து, "உனக்கு மட்டும் ஐயாயிரம் தர்றோம், மத்தவங்ககிட்ட சொல்லாதே" என்றார்கள். அன்று எங்களோடு இருந்த மூத்த அக்கா ஒருவர், "எட்டுப் பேரும் சேர்ந்து வந்து பேசுறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் யாரும் அந்த அறைக்குள் தனியாகப் போகவில்லை.

6. மனுவை எழுதுங்கள்

மனு இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பணியிடத்தின் பெயர், முழு முகவரி, முதலாளியின் பெயர், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், நீங்கள் சேர்ந்த தேதி, உங்கள் வேலை, சம்பளம், மிகைநேரம் நடந்த காலம், கேட்கும் தொகை, உங்கள் கைப்பேசி எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். சட்டப் பிரிவு எண்கள் தெரியாவிட்டால் எழுத வேண்டாம். பழைய சட்டமும் புதிய தொகுப்பும் மாறும் காலம் இது. தவறான எண்ணை எழுதுவதைவிட நடந்ததைத் தெளிவாக எழுதுவதே மேல்.

பலர் சேர்ந்து கொடுத்தால் ஒரே மனுவில் எல்லோரும் கையெழுத்திடலாம். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்குத் தாள் இணைக்க வேண்டும். எங்கள் முதல் மனுவில் எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே மொத்தத் தொகை போட்டிருந்தோம். அதைப் பிரித்து எழுதி வர இன்னொரு நாள் கூலி போயிற்று. ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்பவர்கள் ஒப்பந்தக்காரரையும், வேலை நடக்கும் நிறுவனத்தின் உரிமையாளரையும் சேர்த்தே எதிர்த்தரப்பாகக் காட்ட வேண்டும். ஒப்பந்தக்காரர் ஊதியம் தராவிட்டால் முதன்மை உரிமையாளர் தர வேண்டும் என்பது சட்டம். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக மனு எழுத நீங்கள் உதவினால், அதில் எழுதியிருப்பதை அவர்கள் மொழியில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குங்கள்.

காலவரம்பு மிக முக்கியம். நாங்கள் மனு கொடுத்தபோது குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் ஆறு மாத வரம்பு இருந்தது. 2022, 2023 தீபாவளிகளிலும் இதே போலத்தான் உழைத்தோம். அந்தப் பணம் போனது போனதுதான். புதிய ஊதியத் தொகுப்பில் கோரிக்கைக்கு மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. அதை நம்பி நீங்கள் தள்ளிப்போட வேண்டாம். புதிய சட்டம் வருவதற்கு முந்தைய மாதங்களைக் கேட்டால், பழைய வரம்பை எதிர்த்தரப்பு எடுத்து வைக்கும். பருவம் முடிந்த மாதத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.

7. மனுவைக் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள்

மூன்று நகல் எடுங்கள். ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று எதிர்த்தரப்புக்கு அனுப்ப, ஒன்று உங்களுக்கு. உங்கள் நகலில் தேதியோடு அலுவலக முத்திரை விழாமல் வெளியே வராதீர்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனுவுக்குச் சமம். அசல் ஆவணங்களை யாரிடமும் கொடுக்க வேண்டாம். காட்டுங்கள், திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

மனு கொடுக்கக் கட்டணம் இல்லை. எனக்கு ஆன செலவு: டி.டி.பி. கடையில் தட்டச்சுக்கு 150 ரூபாய், ஜெராக்ஸுக்கு 90 ரூபாய், பேருந்துக் கட்டணம். இவற்றையெல்லாம்விடப் பெரியது ஆறு நாள் கூலி இழப்பு. எட்டுப் பேரும் ஒவ்வொரு முறையும் போக வேண்டியதில்லை. மற்றவர்கள் எழுதிக் கொடுத்தால் இருவர் போனால் போதும் என்று அலுவலர் சொன்ன பிறகுதான் அந்தச் சுமை குறைந்தது. அலுவலக வாசலில் "நான் முடித்துத் தருகிறேன், வரும் பணத்தில் பத்து விழுக்காடு" என்று வருபவரிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வழக்கறிஞர் வேண்டும் என்றால் இலவசமாகவே கிடைப்பார். மாவட்ட நீதிமன்றத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும், வட்ட நீதிமன்றங்களில் அதன் குழுக்களும் இருக்கின்றன. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களும், ஆதிதிராவிடர், பழங்குடியினரும், தொழிற்சாலைத் தொழிலாளர்களும் வருமானச் சான்று இல்லாமலே இந்த உதவியைக் கேட்கலாம். தொலைபேசி எண் 15100. இது எங்களுக்கு மூன்றாவது அமர்வுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்தும் அழைப்பு வரவில்லை என்றால் 'முதல்வரின் முகவரி' என்ற அரசுக் குறைதீர் சேவையின் 1100 எண்ணில் பதியலாம். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் முத்திரை விழுந்த நகலைக் காட்டி மனு கொடுக்கலாம். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் "இன்ன தேதியில் கொடுத்த மனுமீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று கேட்டால், முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். பல நேரங்களில் அந்தக் கேள்வி போய்ச் சேர்ந்தவுடனேயே கோப்பு நகரும்.

8. விசாரணை நாளுக்குத் தயாராகுங்கள்

எங்களுக்கு மனு கொடுத்து ஐந்து வாரத்தில் முதல் அழைப்பு வந்தது. மொத்தம் நான்கு அமர்வுகள். முதல் அமர்வுக்கு நிறுவனத்திலிருந்து யாரும் வரவில்லை. இரண்டாவதற்கு வந்தவர் பதிவேடு கொண்டு வரவில்லை. இப்படித்தான் நடக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் மனம் அவ்வளவு சோர்ந்திருக்காது. ஒவ்வொரு முறையும் நீங்கள் வந்ததற்குக் கையெழுத்திட்டு, அடுத்த தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முறை நீங்கள் போகாவிட்டால், "அவர்களுக்கே அக்கறை இல்லை" என்று அது திரும்பும்.

எங்களிடம் அவர்கள் சொன்ன வாதங்கள் மூன்று. பேருந்துக்காகக் காத்திருந்தார்கள், வேலை செய்யவில்லை என்றார்கள். இரவு உணவு போட்டோம், அதுவே ஈடு என்றார்கள். எல்லோரும் குடும்பம் போலப் பழகியவர்கள், இவர்களுக்குப் பின்னால் யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்றார்கள். முதல் வாதத்துக்குச் சரக்குச் சீட்டில் இருந்த நேரமும் கையெழுத்தும் பதிலாயின. இரண்டாவதற்கு, உணவு ஊதியம் ஆகாது என்று அலுவலரே சொன்னார். மூன்றாவதற்கு நாங்கள் பதில் சொல்லவில்லை. நீங்களும் கோபப்படாமல் நேரத்தையும் தொகையையும் மட்டுமே பேசுங்கள். ஊதியம் தரப்பட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பு புதிய தொகுப்பின்படி முதலாளியுடையது என்பதை நினைவூட்டுங்கள். பதிவேட்டில் எல்லா நாளும் சரியாக ஐந்தரை மணிக்கு வெளியேறியதாக எழுதியிருந்தால், உங்கள் வாட்ஸ்அப் செய்திகளில் அதே நாளின் இரவு நேரத்தைக் காட்டுங்கள். மூன்றாவது அமர்வில் இதைக் காட்டிய பிறகுதான் அவர்கள் தொகை பேசத் தொடங்கினார்கள்.

9. கையெழுத்திடும் முன் வாசியுங்கள்

நான்காவது அமர்வில் தலைக்கு 20,040 ரூபாய் என்று முடிந்தது. கேட்ட 23,040இல் அந்த 3,000 போனஸைக் கழித்துவிட்டார்கள். அன்று எங்களுக்கு அது வெற்றியாகத் தெரிந்தது. இன்று யோசித்தால், அலுவலரிடம் ஒரு நிமிடம் கேட்டிருந்தாலே அதைத் தடுத்திருக்கலாம்.

ஒப்பந்தத்தில் தொகை, தவணைத் தேதிகள், வங்கிக் கணக்கு எண், தவணை தவறினால் என்ன நடவடிக்கை என்ற நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று பொதுவாக எழுதிய வரி இருந்தால், "மேற்கண்ட இரு மாத மிகைநேர ஊதியம் தொடர்பாக" என்று சேர்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் நாளைக்குப் பணிக்கொடையும் வைப்பு நிதியும்கூட முடிந்துவிட்டன என்பார்கள். வெற்றுத் தாளிலோ, எழுதாத வவுச்சரில் ஒட்டிய வருவாய் வில்லை மீதோ கையெழுத்துப் போட வேண்டாம். வேலையில் சேரும்போதே அப்படிப் போட்டுக் கொடுத்திருந்தால் அதையும் மனுவில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ராஜினாமாக் கடிதம் கேட்டால், பணம் எவ்வளவு என்றாலும் அன்றைக்கே எழுதிக் கொடுக்காதீர்கள். ஒரு இரவு தள்ளிப்போட்டு வீட்டில் பேசுங்கள்.

10. வேலையை விட்டு நிறுத்தினால்

எங்களில் இருவரை மனு கொடுத்த வாரத்தில் வாசலிலேயே நிறுத்தினார்கள். வாய்மொழியாக "நாளைக்கு வர வேண்டாம்" என்றால் வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். பிறகு "அவர்களாகவே வரவில்லை" என்று எழுதுவார்கள். மறுநாள் வழக்கமான நேரத்துக்குச் சாட்சி ஒருவரோடு வாசலுக்குப் போங்கள். உள்ளே விடாவிட்டால் அங்கிருந்தே மேலாளருக்கு "வேலைக்கு வந்துள்ளேன், அனுமதிக்கவில்லை" என்று செய்தி அனுப்புங்கள். அதே நாளில் அதையே விரைவு அஞ்சலிலும் அனுப்புங்கள். மனு கொடுத்த அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகட்டும். எங்கள் இருவரும் இப்படிச் செய்ததால் ஒன்பதாம் நாள் உள்ளே அழைக்கப்பட்டார்கள்.

கடை ஊழியர் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்திருந்தால், தக்க காரணம் இல்லாமலோ, ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கு ஈடான ஊதியம் தராமலோ நீக்க முடியாது. நீக்கினால் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தொழிற்சாலைத் தொழிலாளி சமரச அலுவலரிடம் மனு கொடுத்து, 45 நாளில் தீராவிட்டால் தானே நேரடியாக வழக்குத் தொடுக்கலாம். நீக்கப்பட்டவருக்கான சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்று ஊதியத் தொகுப்பு சொல்கிறது. அந்தப் பணத்தை வாங்கும்போது ரசீதில் "சம்பளப் பாக்கி மட்டும், வழக்குரிமைக்கு உட்பட்டு" என்று உங்கள் கையால் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.